இரண்டு வருஷத்து நீலம்

அவளுக்கு உருண்டை என்று பெயர் வைத்தவர் அவளுடைய தாய்மாமன். மூன்று வயதில் கட்டிலிலிருந்து விழுந்தவள், அழாமல், அப்படியே உருண்டு வாசல்வரை போய் நின்று சிரித்தாளாம். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். பிறகு அவள் வளர்ந்தாள், மெலிந்தாள், காற்றடித்தால் கொடியில் காயும் துண்டைப் பிடிப்பதா இவளைப் பிடிப்பதா என்று மற்றவர்கள் கேலி பேசும் அளவுக்குக் குச்சியானாள். பெயர் மட்டும் இளைக்கவில்லை. கல்யாணமாகி அவள் வருவதற்கு முன்பே அந்தப் பெயர் புகுந்த வீட்டுக்கு வந்து கால்நீட்டி உட்கார்ந்திருந்தது. ஐம்பத்தாறு வயதிலும் அவள் உருண்டைதான்.

புகுந்த வீடு என்றால் இரண்டு அறை. முன்னறையில் அவள் கணவர் துணிகளில் ஸ்கிரீன் அச்சடிப்பார். பின்னறையில் அவள் அதே துணிகளில் எம்பிராய்டரி போடுவாள். கடைகளோ பள்ளிகளோ நீச்சல் குழுவோ, யார் என்ன சின்னம் கேட்டு வந்தாலும் அச்சு அவருடையது, தையல் இவளுடையது. இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த இடைவழியில் நாத்தனார், அதாவது கணவரின் தங்கை, இஸ்திரி மேசை போட்டிருந்தாள். அச்சடித்த மை துணியோடு சேர வேண்டுமென்றால் சூடு காட்ட வேண்டும். அந்தச் சூடு அவள் பொறுப்பு. அந்த வீட்டின் வாய்ச்சூடும் அவள் பொறுப்புதான்.

முன்னறை ஜன்னலோரம் மரச்சட்டங்கள் சாய்த்து வைத்திருக்கும். ஒவ்வொன்றிலும் கொசுவலையைவிட மெல்லிய வலைத்துணி இழுத்துக் கட்டியிருக்கும். வெளிச்சம் பட்டால் இறுகுகிற பசையை அதில் பூசி, மேலே படத்தை வைத்து வெளிச்சம் காட்டுவார். படத்தின் கறுப்பு மறைத்த இடம் மட்டும் இறுகாமல் இருக்கும். தண்ணீர் விட்டால் அந்த இடம் கரைந்து வழி திறக்கும். அந்த வழியாகத்தான் மை துணிக்கு இறங்கும். வேலை முடிந்ததும் பசையைத் தேய்த்துக் கழுவிவிட்டு அதே வலையில் அடுத்த படம். ஆனால் எவ்வளவு தேய்த்தாலும் பழைய படத்தின் சாயை மெலிதாக நின்றுவிடும். அது அச்சில் வராது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தெரியும்.

காலை எட்டு மணி வெயில் அந்தச் சட்டங்களுக்குள் நுழைந்து, இடைவழியைத் தாண்டி, உருண்டையின் சுவரில் போய் விழும். சுவரெல்லாம் நங்கூரம், குடை, பாதிப் பறவை, வாலில்லாத மீன், என்றோ மூடிவிட்ட ஒரு கடையின் பெயரில் இரண்டெழுத்து. அவை மெல்லச் சுவரிலிருந்து இறங்கி, தரையில் நடந்து, ஒன்பது மணிக்கு அவள் மடியில் ஏறும். மடியில் குடை கிடக்க, அதன்மேல் அவள் சங்கிலித் தையல் போட்டுக்கொண்டிருப்பாள். அந்த ஒரு மணி நேரம் தான் தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்று அவளுக்குத் தெரியாது, ஊசிக்குத் தெரியும்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வேலையையும் கைமாற்றிக் கொடுப்பதற்கு முன்னால், அதே துணியில் உள்ளங்கையகலம் வெட்டி, அதே மையில் அச்சடித்து, அதே நூலில் நாலு தையல் போட்டு, ஒரு நீளத் துணியோடு இணைத்துத் தைத்துவிடுவார்கள். இருபத்தாறு வருஷத்துச் சதுரங்கள். பாய் மாதிரிச் சுருட்டி மூலையில் நிறுத்தியிருக்கும். ‘போன தடவை மாதிரியே வேண்டும்’ என்று யாராவது வந்தால் சுருளை விரித்துப் பார்ப்பார்கள்.

பார்ப்பது உருண்டை மட்டும்தான். அவர் திரும்பியும் பார்க்கமாட்டார்.

“மறந்தவனுக்குத்தான் மாதிரி வேணும். எனக்கு எல்லா கலரும் மண்டைக்குள்ள இருக்கு” என்பார்.

“உள்ள வேற ஒண்ணும் இல்ல பாருங்க, எடம் தாராளமா இருக்கு” என்பாள் தங்கை.

ஆனால் அவர் சொன்னது மெய். ஒரு கிண்ணத்தில் மூன்று மையை ஊற்றிக் குச்சியால் கிளறுவார், நிறுத்துவார், அதுவாகவே இருக்கும். சுருளில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மயிரிழை வித்தியாசம் இருக்காது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அது தப்பியது.

ஆற்றில் ஆட்களை அக்கரைக்கும் இக்கரைக்கும் ஏற்றி இறக்கும் படகுத்துறையிலிருந்து நாற்பது வெள்ளைச் சட்டை வந்திருந்தது. நெஞ்சுக்குக் குறுக்கே வானநீலத்தில் ஓர் அலை. சட்டைப்பையின்மேல் அதே வானநீலத்தில் அவரவர் வேலையைத் தைக்க வேண்டும்: ஓட்டுநர், கயிறு, சீட்டு என்று. அவர் அலையை அச்சடித்துக் கொடியில் மாட்டிவிட்டார். உருண்டை வானநீல நூல்கண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தவள், கொடியைப் பார்த்து நின்றுவிட்டாள்.

நாற்பது அலையும் வானநீலமாக இல்லை. நீலத்தில் கத்தரிப்பூவைக் கசக்கி விட்டது போல, பொழுது சாய்ந்த பிறகு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகிற ஒரு நிறம்.

“என்னங்க, காஞ்சிருச்சா?”

“காஞ்சிருச்சு. பாத்தியா உருண்ட, வானத்தப் பிச்சு ஒட்டின மாதிரி இல்ல?”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் நிஜமாகவே வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டைவரை வந்ததை அவள் விழுங்கினாள். கையிலிருந்த நூல்கண்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

ஏன் விழுங்கினாள் என்றால், அதற்கு ஒன்பது வருஷத்துக் கதை ஒன்று இருக்கிறது. முன்பு அந்த வீட்டில் வேலை பார்த்தவர்கள் நான்கு பேர். நான்காவது ஆள் அவருடைய அண்ணன். பதினொரு வயது மூத்தவர். தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவர். ஒருநாள் வாடிக்கையாளர் நிற்கும்போதே ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்து, “டேய், இதுக்குப் பேரு சிவப்பாடா? செங்கல்லு மாதிரி இருக்கு” என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். தம்பி அன்று மூடிய வாயை அண்ணனிடம் இன்றுவரை திறக்கவில்லை. அண்ணன் அக்கரையில் மகள் வீட்டோடு போய்விட்டார். சித்தப்பா இறந்த அன்று இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தங்கை உட்கார்ந்து, “பெரியண்ணன் தண்ணி கேக்குது”, “சின்னண்ணன் செம்பு உன் காலுக்குப் பக்கத்துலதான் இருக்குன்னு சொல்லுது” என்று அஞ்சல் வேலை பார்த்தாள்.

தோளில் தூக்கி வளர்த்தவருக்கே இந்தக் கதி. நேற்று வந்தவள் மாதிரி முப்பது வருஷத்துக்கு முன்னால் வந்த நான் எந்த மூலை என்று உருண்டை நினைத்தாள்.

ஒரு சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு நூல்கடைக்குப் போனாள். கண்டு கண்டாக எடுத்து வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள்.

“என்னம்மா, மாப்பிள்ள பாக்குற மாதிரி பாக்குறீங்க?” என்றார் கடைக்காரர்.

“மாப்பிள்ளன்னா கண்ண மூடிக்கிட்டு எடுத்திருப்பேன். இது நூலு.”

கடைசித் தட்டில், யாரும் வாங்காமல் தூசி படிந்திருந்த ஒரு கண்டு ஒத்துப்போனது. அதில் நாற்பது பேருடைய வேலையையும் தைத்தாள். துறையின் மேற்பார்வையாளர் வந்து பிரித்துப் பார்த்தார். அலையும் எழுத்தும் ஒரே நிறம். இரண்டும் ஒத்துப் போனால் கண் சந்தேகப்படாது. “நல்லா இருக்கே” என்று சொல்லி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் அதுவே பழகிவிட்டது. மை எந்தப் பக்கம் சாய்ந்ததோ நூலும் அந்தப் பக்கம் சாய்ந்தது. அவருடைய இளமஞ்சள் முற்றிப்போனால் அவளுடைய மஞ்சளும் முற்றியது. சரியான நிறக் கண்டுகள் எல்லாம் பெட்டியின் அடித்தட்டில் போய்ப் படுத்துக்கொண்டன. ரொட்டிக்கடைக்காரி ஒருத்தி மட்டும் மேலங்கியைப் பிடித்துக்கொண்டு, “நாங்க கேட்டது இந்த நீலமா?” என்று இழுத்தாள். நாத்தனார் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, “துவைக்கத் துவைக்க எறங்கும், போங்க” என்றாள். அந்த வீட்டில் ஒவ்வொரு துணியும் அவள் கைச்சூட்டைத் தாண்டித்தானே வெளியே போக வேண்டும்? அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

“அண்ணி, உங்க ரெண்டு பேர்ல யாருக்குக் கண்ணு சரியில்லன்னு எனக்குக் கொஞ்ச நாளா சந்தேகமா இருக்கு.”

“உனக்குத்தான். பேசாம இஸ்திரியப் போடு.”

இப்படியே போயிருக்கும். ஆனால் இரண்டு நிற வேலை ஒன்று வந்தது. மஞ்சள் இதழ், பச்சை இலை. முதல் சட்டம் அடித்த இடத்தில் இரண்டாவது சட்டம் அச்சுப் பிசகாமல் உட்கார வேண்டும். பன்னிரண்டு துணியில் இலை நகத்தளவு தள்ளி விழுந்தது. இதழின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தவர், அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் தானே கிளம்பிக் கண் டாக்டரிடம் போனார். இரண்டு கண்ணிலும் புரை, பழுத்துக் கிடக்கிறது, நாலைந்து வருஷமாக வந்திருக்கும் என்றார் டாக்டர். இடது கண் முதலில், ஆறு வாரம் கழித்து வலது.

இடது கண்ணின் கட்டை அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், வெளியே போகாமல் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு அறைக்குள்ளேயே சுற்றினார். ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர் மாதிரி சுற்றினார்.

“உருண்ட! இந்த வாளி நீலமா? சாம்பல்னுல்ல நெனச்சேன்!”

“ம்.”

“இந்தச் சுவரு எப்ப வெள்ளையடிச்ச?”

“அது எப்பவும் வெள்ளதான்.”

“உன் தலையில இவ்வளவு நரையா?”

“அது மட்டும் பழைய கண்ணால பாத்துக்கங்க.”

அவர் சிரிக்கச் சிரிக்க அவள் கண் மூலையிலிருந்த சுருளுக்குப் போய்ப் போய் வந்தது. மூன்றாம் வாரம் அவர் சொன்னார்: “ஞாயித்துக்கிழம அந்தச் சுருள எடுத்து விரி. என் கையால போட்டதையெல்லாம் புதுக் கண்ணால ஒரு தடவ பாக்கணும்.”

இருபத்தாறு வருஷத்தில் சுருளைக் கேட்காத மனிதர் கேட்டுவிட்டார். அதன் வெளிமுனையில் முப்பத்தொரு சதுரம் இருக்கிறது, எல்லாம் தவறான நிறம், எல்லாவற்றிலும் அதே தவறான நிறத்தில் அவள் தையல். மை தப்பினது அவர் கண்ணால் என்று போகும். நூல்? அவள் கண்ணில்தான் புரை இல்லையே. தெரிந்தே செய்திருக்கிறாள் என்பதற்கு அவளே ஊசியால் சாட்சி எழுதி வைத்திருக்கிறாள்.

“கொளுத்திரலாமா அண்ணி? இஸ்திரிப்பெட்டி விழுந்துருச்சுன்னு சொல்லுவோம்.”

“சும்மா இருடி.”

வெள்ளிக்கிழமை அவர் குளிக்கப் போன நேரத்தில் சுருளின் முனையை மடியில் போட்டுக்கொண்டு பிரிக்க ஆரம்பித்தாள். முதல் சதுரம் வந்துவிட்டது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது, படகுத்துறை அலை. அதைச் சில மாதத்துக்கு முன்னால் மறுபடி கேட்டபோது இன்னொரு தடவை சேர்த்திருந்தார்கள். அதைப் பிரித்துக் கையில் எடுத்தபோது வெயில் மடிக்கு வந்திருந்தது. வலையில் மிச்சமிருந்த அலையின் சாயை மெல்ல ஊர்ந்து வந்து கையிலிருந்த அலையின்மேல் ஏறியது. ஒரு நிமிஷம் இரண்டும் சேர்ந்து அசைவது போல இருந்தது. தண்ணீருக்குள் கையை விட்டது போல அவள் விரல் குளிர்ந்தது. அந்தச் சதுரத்துக்குப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். முடிச்சில்லாமல், ஒழுங்காக, அவள் கை. இதைப் போய் எங்கே ஒளிப்பது? மூன்றையும் பழைய இடத்திலேயே மறுபடி வைத்துத் தைத்தாள். அவர் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது சுருள் மூலையில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்க விடவில்லை. சனிக்கிழமை முற்பகல் துறை மேற்பார்வையாளரே வந்து நின்றார். ஆள் கூடிவிட்டார்களாம், இன்னும் நாற்பது சட்டை வேண்டுமாம்.

“அதே அலை, அதே எழுத்து, அதே நீலம். அந்த நீலம்தான் முக்கியம்.”

“சுருள விரி” என்றார் அவர்.

உருண்டை விரித்தாள். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். குனிந்தார். அலையின்மேல் விரல் வைத்தார், பிறகு தையலின்மேல். அங்கிருந்து விரலை எடுக்கவில்லை. இடைவழியில் இஸ்திரிப்பெட்டியின் சத்தம் நின்றுபோனது.

“இந்த நீலமா கேக்குறீங்க?”

“இதேதான். அக்கரையில இருந்து பாத்தாலே எங்க ஆளுன்னு தெரியுது. வானநீலம்னு நாந்தான் சொன்னேன், நீங்க ஒரு படி மேல போயிட்டீங்க.”

மேற்பார்வையாளர் போய்விட்டார். கணவரின் விரல் சுருளின் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து முன்னறைக்குப் போய் மைக் கிண்ணங்களை எடுத்து வைத்தார். சாப்பிடக் கூப்பிட்டாள், வரவில்லை. உருண்டை தன் இடத்தில் உட்கார்ந்து, வெறும் துணியில் வெறும் தையலாகப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பெஞ்சின் இரண்டு ஓரம் அவள் கண்ணுக்குள் வந்து வந்து போனது. ஒரு ஓரத்தில் அவர், இன்னொரு ஓரத்தில் தான். ‘அண்ணி தண்ணி கேக்குது.’

முன்னறையில் குச்சி கிண்ணத்தில் இடிக்கும் சத்தம். துணித்துண்டில் தடவுவார், காயவைப்பார், சதுரத்தோடு வைத்துப் பார்ப்பார், தூக்கிப் போடுவார். ஈரத்தில் ஒன்றாகத் தெரிந்த மை காய்ந்ததும் வேறாகிவிடும். புதுக் கண் அவரைச் சுத்தமான வானத்துக்கே இழுத்துக்கொண்டு போனது. மேசையில் பதினான்கு துண்டு, பதினான்கு நீலம், ஒன்றும் அது இல்லை. பிறகு வெகுநேரம் சத்தமே இல்லை. அப்புறம் குச்சி மறுபடி ஓடியது. இந்தத் தடவை தயங்காமல், பழைய வேகத்தில், கிளறி, நிறுத்தி.

“உருண்ட. இங்க வா.”

போனாள். அவர் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நின்றார். வலது கண், அறுக்காத கண், பால் கலந்த தண்ணீர் மாதிரி அவளைப் பார்த்தது. மேசையில் பதினைந்தாவது துண்டு. காய்ந்திருந்தது. சுருளின் அலைக்குப் பக்கத்தில் வைத்தால் எது எது என்று தெரியாது.

“இந்தக் கண்ணு வச்சுக் கலக்கினா வந்துருது. இதுக்கு இதான் வானம்” என்றார். பிறகு கையை மாற்றினார். “இதுக்கு வேற.” இரண்டு தடவை மாற்றி மாற்றிப் பொத்திப் பார்த்தார், கண்ணாமூச்சி ஆடுகிறவர் மாதிரி. “ரெண்டு வருஷம் நீ எதப் பாத்துத் தைச்ச?”

“உங்க மையப் பாத்து.”

“மேல வானம் இருந்துச்சுல்ல? அதப் பாக்கலையா?”

“பாத்தேன். அது அது பாட்டுக்கு இருந்துச்சு. நான் உங்களோடல்ல குடும்பம் நடத்தணும்.”

அவர் சுருளின் முனையை இழுத்தார். மூன்று சதுரத்தின் இணைப்பைக் காட்டினார். “இங்க ரெண்டு வரிசை ஊசி ஓட்ட. பிரிச்சிருக்க.”

“பிரிச்சேன்.”

“அப்புறம் ஏன் தைச்ச?”

“மனசு வரல. நல்லா இருக்குல்ல அது?”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அவள் பதறிப்போய்க் கிட்டே போனாள். சிரித்துக்கொண்டிருந்தார், சிரிப்பு நிற்காததால் கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. “அழக் கூடாது, சிரிக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிருக்காரு, நீ ரெண்டையும் பண்ண வைக்குற” என்றார். “வேற யாருக்குத் தெரியும்?”

“எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா” என்றது இடைவழிக் குரல். “நான் சூடு காட்டுறவ.”

அவருக்குத் திடீரென்று ஏதோ தோன்றியது. சுருளை உருட்டிக்கொண்டே போனார். ஒன்பது வருஷம் பின்னால் போய் நின்றார். ஒரு சிவப்புச் சதுரம். இடது கண்ணால் பார்த்தார், வலது கண்ணால் பார்த்தார், ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“சிவப்பு! உருண்ட, இது சிவப்புதான்! அன்னிக்கும் சிவப்பு, இன்னிக்கும் சிவப்பு!”

“ஆமாங்க. சிவப்புதான்.”

“அப்ப அண்ணன் ஏன்...” என்றவர் நிறுத்திக்கொண்டார். கையில் சிவப்போடு கொஞ்ச நேரம் ஜன்னலில் நின்றார். அண்ணனுக்கு அப்போதே அறுபது தாண்டியிருக்கும். தன் கண்ணுக்குச் சுவர் சாம்பலாகிப் போனதும் வாளி சாம்பலாகிப் போனதும் யாருக்கும் தெரியாமல்தானே நடந்தது? “அந்தத் துறைக்காரருகிட்ட சொல்லிவிடு” என்றார் கடைசியில், முகத்தைத் திருப்பாமல். “அக்கரையில ஒரு செங்கல் கண்ணுக்காரரு இருக்காரு. கண்ண ஒரு தடவ டாக்டருகிட்ட காட்டச் சொன்னேன்னு.”

“யாரு சொன்னாங்கன்னு சொல்லணும்?”

“தம்பின்னு சொல்லு.”

நாற்பது சட்டைக்கும் இடது கண்ணைப் பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டு மை கலக்கினார். அச்சடிக்கும்போது கட்டை அவிழ்த்துக்கொண்டார், ஓரம் பிசகக் கூடாதே. தூசி படிந்த கண்டு தீர்ந்துபோய், உருண்டை கடையில் இருந்த கடைசி நான்கையும் வாங்கி வந்தாள். பதில் எட்டாம் நாள் படகில் வந்தது. மேற்பார்வையாளர் ஒப்பித்தார்: “‘என் கண்ணு நல்லாத்தான் இருக்கு, அவன் நீலத்தப் பாத்தாலே தெரியலையா, கண்ணு யாருக்குச் சரியில்லன்னு’ன்னு கேட்டாரு. அப்புறம் படியெறங்குறப்ப கூப்ட்டு, ‘கூட்டிட்டுப் போக ஆளில்ல’ன்னும் சொன்னாரு.”

“அடுத்த வாரம் எனக்கு வலது கண்ணு” என்றார் கணவர். “கூட வரச் சொல்லுங்க. ஒரே நடையா முடிச்சிருவோம்.”

வலது கண்ணை அறுப்பதற்கு முதல்நாள் மாலை, கட்டிய சட்டைகளைக் கொடுக்க அவரும் உருண்டையும் துறைக்கு நடந்தார்கள். வெயில் மஞ்சளாகத் தாழ்ந்திருந்தது. புதிதாகச் சட்டை மாட்டிக்கொண்டவர்கள் படகின் விளிம்பில் வரிசையாக நின்றார்கள். அவர் இடது கண்ணைப் பொத்தினார்.

“எப்படித் தெரியுது?” என்று கேட்டாள்.

“மேல இருக்குற வானம் கழனித்தண்ணி மாதிரி இருக்கு. அவங்க நெஞ்சுல இருக்குறதுதான் வானம்.”

“நல்லாப் பாத்துக்கங்க. நாளைக்கு இது போயிரும்.”

“எங்க போகும்? உன் பெட்டியில நாலு கண்டு இருக்குல்ல?”

“ரெண்டுதான். மிச்சம் தீந்துருச்சு.”

அவர் கையை எடுக்கவில்லை. படகு கிளம்பியது. நாற்பது அலையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கரையை விட்டு நழுவின. அவர் ஒரு கண்ணோடு, தண்ணீருக்கு மேல் நீட்டியிருந்த நடைபலகையில் முன்னால் போகப் பார்க்க, உருண்டை அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.